வகுப்பறைத் தரையில் புள்ளலூர்ப் போர்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஆங்கிலேய–மைசூர்ப் போர்களை நடத்துவது எனக்கு எப்போதுமே கொஞ்சம் சலிப்பான வேலை. நான்கு போர்கள், மூன்று உடன்படிக்கைகள், ஏழெட்டுத் தளபதிகள், ஒரு டஜன் ஆண்டுகள். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், பொருத்துக பகுதியில் சரியாகப் பொருத்துவார்கள். அரையாண்டுத் தேர்வு வரும்போது சென்னை உடன்படிக்கையும் மங்களூர் உடன்படிக்கையும் இடம் மாறிப் போயிருக்கும். நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

ஆனால் இந்தப் போர்களில் ஒன்று எங்கள் ஊர் வாசலிலேயே நடந்தது. என் பள்ளி திருவள்ளூரை அடுத்த மணவாள நகர்ப் பகுதியில் இருக்கிறது. இங்கே படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேரின் பெற்றோர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகளிலோ வேலை பார்ப்பவர்கள். 1780இல் கர்னல் வில்லியம் பெய்லியின் படை குண்டூரிலிருந்து தெற்கே நடந்து வந்த வழியும், அது தங்கிய ஆற்றங்கரையும், முதலில் மோதிய ஊரும் இந்தப் பிள்ளைகளுக்குப் பேருந்துப் பலகையில் தினமும் கண்ணில் படுகிற பெயர்கள். பாடநூலில் சில வரிகளில் கடந்துவிடுகிற அந்த நிகழ்ச்சியைக் கையால் செய்து, வண்ணம் தீட்டி, தரையில் பரப்பி விளையாட வைத்துப் பார்த்தேன். 41 மாணவர்கள், மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை, சில மதிய இடைவேளைகள். நடந்ததைச் சொல்கிறேன்.

நிகழ்ச்சி இதுதான்

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கி, ஆகஸ்டில் ஆற்காட்டை முற்றுகையிட்டார். சென்னையிலிருந்த கும்பெனிப் படை ஹெக்டர் மன்றோவின் தலைமையில் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தது. (அண்ணா சாலையில் குதிரைமேல் சிலையாக நிற்கும் தாமஸ் மன்றோ வேறு. அவர் அந்த ஆண்டுதான் சென்னைக்கு வந்திறங்கிய இளம் படைவீரர். பிள்ளைகள் இருவரையும் ஒன்றாக்கிவிடுவார்கள், முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது.) குண்டூரிலிருந்து வரும் பெய்லி, காஞ்சிபுரத்தில் மன்றோவோடு சேர வேண்டும் என்பது திட்டம்.

பெய்லி கும்மிடிப்பூண்டிப் பக்கமாக வந்து, ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் முகாமிட்டார். அன்றைக்கு ஆற்றில் கடக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் இல்லை. இரவில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் தொடங்கிய பிறகுதான் அவரால் ஆற்றைக் கடக்க முடிந்தது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்தார். மோதலுக்குப் பின் பெய்லியால் மேலே நகர முடியவில்லை. காஞ்சிபுரத்துக்கு ஏறத்தாழ 14 மைல்தான். மன்றோ தன் முழுப்படையோடு போகாமல், பிளெட்சர் என்ற அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்களாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு வேறு பாதையில் போனதால் பிளெட்சர் தப்பிப் போய்ச் சேர்ந்தார். 9ஆம் தேதி இரவு எல்லோருமாகக் கிளம்பினார்கள். நடுவழியில் பெய்லி படையை நிறுத்தி, விடியட்டும் என்று காத்திருந்தார். 10ஆம் தேதி காலை புள்ளலூர் அருகே திப்புவின் பீரங்கிகளும் ஹைதரின் முழுப்படையும் அவர்களைச் சூழ்ந்துகொண்டன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அன்று காலையே இல்லாமல் போயிற்று. மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1782இல் இறந்தார்.

இதை ஒரே மூச்சில் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. ஏன் என்பது ஆற்றங்கரைக்கு வரும்போது தெரியும்.

போர் விளையாட்டு புதிதா?

பொம்மைப் படைகளை வைத்து, அளவுகோலும் பகடையும் கொண்டு, பழைய போர்களை மேசைமேல் ஆடுவது உலகின் பல நாடுகளில் பெரியவர்களின் பொழுதுபோக்கு. அதன் வேர் பிரஷ்யாவில் இருக்கிறது. அங்கே ரைஸ்விட்ஸ் என்பவரும் அவருடைய மகனும் 1812 முதல் 1824 வரை உருவாக்கிய விளையாட்டு இராணுவ அதிகாரிகளின் பயிற்சியாகவே ஆயிற்று. அதில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பார். எதிரியைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் தகரச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடுவதற்கு விதிகள் எழுதினார். அடுத்த ஆண்டே உலகப்போர் தொடங்கியது. உண்மைப் போர் எவ்வளவு அபத்தமானது என்று தெரிந்துகொள்ளப் பொம்மைப் போர் உதவும் என்பது அவருடைய கட்சி. இன்றைய ஆட்டக்காரர்கள் 28 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் உலோக, பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கி, ஒவ்வொரு பொத்தானையும் மெல்லிய தூரிகையால் தீட்டுகிறார்கள்.

நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை. சதுரங்கம் ஆடுகிற, நவராத்திரிக்குக் கொலுப்படியில் பேண்டு வாத்திய செட்டும் கல்யாண செட்டும் அடுக்குகிற ஊரில், களிமண்ணில் ஒரு சிப்பாய் செய்வது பெரிய காரியமில்லை.

களிமண்ணும் கணக்கும்

முதலில் எத்தனை பொம்மை செய்வது என்ற கேள்வி. 3,800 பேருக்கு 3,800 பொம்மை செய்ய முடியாது. ஒரு பொம்மைக்கு 20 பேர் என்றால் 190. ஐம்பது பேர் என்றால் 76. நூறு பேர் என்றால் 38. இதைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருக்கும்போது கணித ஆசிரியர் உள்ளே வந்து, விகிதப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டார். நூற்றுக்கு ஒன்று என்று முடிவானது. பெய்லிக்கு 38 பொம்மைகள்.

ஹைதர் பக்கம்தான் சிக்கல். அவர் கொண்டுவந்த மொத்தப் படை எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்றெல்லாம் அக்காலத்தவர் எழுதினார்கள். எண்பதாயிரம் என்றாலே 800 பொம்மை வேண்டும். அவ்வளவு பேரும் புள்ளலூர்க் களத்தில் நிற்கவும் இல்லை. “தோத்தவங்க எதிரி எண்ணிக்கைய ஏத்தித்தானே மிஸ் சொல்வாங்க” என்றான் ஒருவன். கிரிக்கெட் தோல்விகளில் பழகியவன். வரலாற்றுச் சான்றை எடைபோடுவது பற்றி நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கடைசியில் 120 பொம்மைகள் மட்டும் செய்து, ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஹைதரின் குதிரைப்படைப் பொம்மை விழுந்தால், இரண்டு சுற்று கழித்து மேசை ஓரத்திலிருந்து புதிய அணியாக மறுபடி வரும். பெய்லியின் பொம்மை விழுந்தால் விழுந்ததுதான்.

களிமண் வேலையில் எனக்கு ஆசிரியராக இருந்தவன், தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு மாணவன். பெற்றோர் சூளையில் வேலை செய்கிறார்கள். ஏரி மண்ணை நேராகப் பிசைந்து நிழலில் வைத்த முதல் பத்துப் பொம்மைகளும் கழுத்தில் விரிசல் விட்டன. “மண்ணுல மணல் சேரணும் மிஸ், கொஞ்சம் உமியும். ஒரு ராத்திரி ஈரச் சாக்குல மூடி வைக்கணும்” என்றான். அதன் பிறகு விரிசல் இல்லை. உமி தடிப்பாகத் தெரிகிறது என்று சில பெண் பிள்ளைகள் பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழைக் கலந்தார்கள். கூழில் வெந்தய மாவு சேர்த்தால் பூச்சி அரிக்காது என்ற யோசனை ஒரு பாட்டியிடமிருந்து வந்தது.

ஒவ்வொன்றாகக் கையால் பிடித்தால் நேரமாகும். எனவே நன்றாக அமைந்த ஒரு பொம்மையை வைத்து, கொலுப் பொம்மை செய்பவர்கள் செய்வதுபோல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சு எடுத்தோம். மண்ணை அழுத்தி, இரண்டையும் ஒட்டி எடுத்தால் ஒரு சிப்பாய். உயரம் 4 சென்டிமீட்டர். 28 மில்லிமீட்டர் எட்டாம் வகுப்பு விரல்களுக்கு மிகச் சிறியது. துப்பாக்கிக்குத் துடைப்பக் குச்சி, அடித்தளத்துக்குக் குளிர்பான மூடி. குதிரை செய்வது கடினம், கால்கள் நிற்கவே நிற்காது. அட்டையில் வெட்டிய குதிரையின் இருபுறமும் மண் பூசித் தப்பித்தோம். பீரங்கிக்குப் பழைய ஸ்கெட்ச் பேனாவின் உடல், சட்டைப் பித்தான் சக்கரம். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மைசூர் ராக்கெட் இல்லாமல் இந்தப் போர் இல்லை. இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து, மூங்கிலில் கட்டி எறிந்தார்கள். பிற்காலத்தில் ஆங்கிலேயர் இவற்றை எடுத்துச் சென்று ஆராய்ந்து, கான்கிரீவ் ராக்கெட்டை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் ராக்கெட் படை தீட்டப்பட்ட ஓவியத்தைப் பார்த்ததை அப்துல் கலாம் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் ராக்கெட் செய்ய ஆறு பேர் கை தூக்கினார்கள். ஊதுவத்திக் குச்சியில் ரீஃபிள் துண்டு. அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

நிறம் தீட்டும்போது வந்த கேள்வி

காய்ந்த பொம்மைக்கு முதலில் வெள்ளை அடிப்பூச்சு. பிறகு போஸ்டர் கலரில் நிறங்கள். கடைசியாக, பழுப்பு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓட விட்டால், அது மடிப்புகளில் தங்கிச் சட்டைக்கும் முகத்துக்கும் நிழல் கொடுத்துவிடும். மேடான இடங்களை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் இந்த உத்தி நம் பொம்மைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஓவியத்தில் ஆர்வமில்லாத பிள்ளைகளின் பொம்மையும் இந்த ஒரு பூச்சில் உயிர்பெற்றுவிடும். செய்து பாருங்கள்.

சீருடைக்கு எதைப் பார்ப்பது? ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தாரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போர் பெரிய ஓவியமாக இருக்கிறது. ஹைடெக் ஆய்வகத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நடுவில் சதுரமாக நிற்கும் செஞ்சட்டைகள், பல்லக்கில் பெய்லி, வெடிக்கும் மருந்து வண்டி. வென்றவர் வரையச் சொன்ன ஓவியம் அது. பின்னாளில் ஆங்கிலேயர் காலத்தில் திரும்பத் தீட்டப்பட்டதும்கூட. எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பட்டியல் போட்டார்கள். ஒருவன் மைசூர் வீரர்களுக்குப் புலிவரிச் சட்டை போட்டே தீருவேன் என்றான். புலிவரி திப்புவின் ஆட்சியோடு சேர்த்துச் சொல்லப்படுவது, 1780இல் ஆட்சியில் இருந்தவர் ஹைதர் என்று இன்னொருத்தி மறுத்தாள். இரண்டு நாள் வழக்கு. ஹைதரின் படைக்குப் பல நிறம் என்று தீர்ப்பானது.

கும்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, தலைப்பாகை, முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, வெறுங்கால். முகத்துக்கு வந்தபோது ஒரு மாணவி தூரிகையை வைத்துவிட்டு எழுந்தாள். “மிஸ், இங்கிலீஷ்காரங்க பொம்மைக்கெல்லாம் ரோஸ் கலர்தானே?”

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ‘ஆங்கிலேயர் தோற்றனர்’ என்று படித்தால் வேறு எப்படி நினைப்பார்கள்? பெய்லியின் 3,800 பேரில் ஐரோப்பியர் ஏறத்தாழ ஐந்நூறு பேர்தான், மற்றவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள் என்று கரும்பலகையில் எழுதினேன். கணக்கு போட்டார்கள். 38 பொம்மைகளில் 5. வெளிர் நிறம் கலந்து வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தார்கள், பழுப்பு நிறக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். மீதி 33 பொம்மைகளின் முகத்துக்கும் ஹைதரின் 120 பொம்மைகளுக்கும் ஒரே கிண்ணம். ஹைதர் பக்கம் லாலி என்பவரின் கீழ் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்காக இரண்டு பொம்மை மட்டும் வெளிர் நிறமாயின.

“அப்ப ரெண்டு பக்கமும் நம்மாளுங்களா?” என்று அந்த மாணவி திரும்பக் கேட்டாள். வகுப்பில் சத்தமே இல்லை. பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். கேள்வி கேட்டது இந்த முறைதான்.

தமிழாசிரியை அந்த வாரம் கடிதப் பயிற்சிக்கு, பெய்லி படையின் சிப்பாய் ஒருவர் வீட்டுக்கு எழுதுவதாகத் தலைப்புக் கொடுத்தார். அந்தக் காலத்தில் சென்னைக் கும்பெனியின் கஜானா காலியாகிச் சிப்பாய்களின் சம்பளம் பாக்கி நின்றது என்று நான் சொல்லியிருந்தேன். நாட்டுப்பற்று பற்றி எழுதினவர்கள் சிலர். தந்தை ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒரு மாணவன் எழுதிய கடிதத்தில் போர் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மூன்று மாதச் சம்பளம் வந்ததும் முதலில் எந்தக் கடனை அடைக்க வேண்டும் என்பதுதான் மீதி முழுவதும்.

ஆற்றங்கரை

ஆட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். முதலாவது தரையில், வரைபட ஆட்டம். மைலுக்கு ஓர் அடி. கரும்பலகைக்கு அடியில் காஞ்சிபுரம், அங்கிருந்து 14 அடி தள்ளி, பின்கதவுக்கு அருகில் பேரம்பாக்கம், அதற்கும் பின்னால் தாழ்வாரத்தில் கொசஸ்தலை ஆறு. சாக்பீஸில் வரைந்ததுதான்.

கதையைச் சொல்வதற்கு முன்பே ஆற்றை வைத்துக்கொண்டேன். நான்கு குழுக்களின் பெய்லிகளையும் கூப்பிட்டு, “நாள் முழுக்க வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். மாடுகள் களைத்துவிட்டன. ஆற்றில் தண்ணீர் குறைவு. இந்தக் கரையில் தூங்குவீர்களா, கடந்துபோய் அந்தக் கரையில் தூங்குவீர்களா?” என்று மட்டும் கேட்டேன். மூன்று பேர் இந்தக் கரையிலேயே தூங்கினார்கள். மறுநாள்தான் வெள்ளம் வந்த செய்தியைச் சொன்னேன். பூண்டி ஏரி இதே ஆற்றில் கட்டப்பட்டது. அணை திறக்கும் நாளில் தரைப்பாலம் முழுகுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். “அவரு தண்டோரா போட்டுச் சொல்ல ஆளில்லாம மாட்டிக்கிட்டாரு” என்றான் ஒருவன். கடந்துபோய்த் தூங்கிய நான்காவது பெய்லிக்கு ஒரு வாரம் மிச்சமாயிற்று. அந்தக் குழு மட்டும் சண்டையே இல்லாமல் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம், எங்களுக்குச் சண்டை இல்லையா என்று சண்டை பிடித்தார்கள்.

கதை முழுவதும் முன்பே தெரிந்திருந்தால் நால்வரும் கடந்திருப்பார்கள். வரலாற்றில் இருந்தவர்களுக்கு அடுத்த பக்கம் தெரியாது. இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்று வரலாறு நடத்துபவர்களுக்குத் தெரியும்.

மன்றோ இருந்த அறை

பிரஷ்யர்களின் நடுவர் முறையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். மன்றோவாக ஆடும் மாணவர் பக்கத்து வகுப்பறையில் உட்கார வேண்டும். அவரிடம் ஒரு தாள் வரைபடமும், காஞ்சிபுரத்தில் சேர்த்து வைத்த அரிசிக்கு அடையாளமாக ஒரு டப்பாவும் இருக்கும். தரையைப் பார்க்கக் கூடாது. பெய்லியிடமிருந்து துண்டுச்சீட்டு வரும், அவர் பதில் சீட்டு அனுப்புவார். ஒவ்வொரு சீட்டுக்கும் நான் பகடை உருட்டுவேன். ஒன்றோ இரண்டோ விழுந்தால் தூதுவர் பிடிபட்டார், சீட்டு ஹைதரிடம் போகும். ஒரு சுற்று என்பது ஒரு மணி நேரம். பீரங்கி இழுத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு 2 அடி, குதிரைக்கு 5 அடி, இருட்டில் இரண்டுக்கும் பாதி.

சண்டை நடந்த மூன்று குழுக்களில் இரண்டு மன்றோக்கள் நகரவே இல்லை, பாதிப் படையை அனுப்பினார்கள். அதாவது வரலாற்று மன்றோ செய்ததையே, அது தெரியாமல் செய்தார்கள். மூன்றாமவள் துணிந்து முழுப்படையோடு கிளம்பினாள். பெய்லியைச் சந்தித்தும்விட்டாள். அதற்குள் ஹைதர் குழு ஆளில்லாத காஞ்சிபுரத்துக்குள் குதிரையை விட்டு அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சேர்ந்து நின்ற இரு படைகளுக்கும் சாப்பாடு இல்லை.

வரைபட ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தபோது, நகராத மன்றோக்களில் ஒருவனைப் பெய்லி குழுவினர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். அவன் தன் கையிலிருந்த சீட்டுகளைத் தரையில் அடுக்கினான். அவனுக்குக் கிடைத்தது மூன்று சீட்டு. பெய்லி அனுப்பியது ஏழு. “எனக்கு வந்ததை மட்டும் படிச்சுப் பாருங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்றான். படித்துப் பார்த்தார்கள். கடைசிச் சீட்டில், ‘நலமாக இருக்கிறோம், மெதுவாக வருகிறோம்’ என்று எழுதியிருந்தது. பெய்லி குழுவே எழுதியதுதான்.

ஹெக்டர் மன்றோ 1764இல் பக்சாரில் வென்றவர். அவர் ஏன் போகவில்லை என்று அன்றிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். என் வகுப்பில் அதற்கு மூன்று கட்சிகள் உண்டு. மூன்றுக்கும் அவர்கள் காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதும்.

தாம்பாளம்

இரண்டாவது ஆட்டம் நான்கு மேசைகளைச் சேர்த்துப் புள்ளலூர்க் களம். மணல், சாக்குத்துணி, வேப்பங்கொத்து மரங்கள். பெய்லியின் பொம்மைகள் சதுரமாக நிற்கும். சுடுவதற்குப் பகடை. மருந்து வண்டி வெடிப்பதற்குத் திருவுளச்சீட்டு. அதை வெடிக்க வைத்தது ராக்கெட்டா பீரங்கிக் குண்டா என்பதில் எழுதியவர்களிடையே ஒற்றுமை இல்லை என்பதால், நாங்களும் காரணம் எழுதாத சீட்டு வைத்தோம். ஒரு ஆட்டத்தில் வெடிக்கவே இல்லை. அப்போதும் பெய்லி தோற்றார், இன்னும் நான்கு சுற்று தாக்குப்பிடித்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு குழுவும் இரு பக்கமும் ஆட வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக வையுங்கள். இல்லாவிட்டால் ‘நம்ம பக்கம், அவங்க பக்கம்’ என்று வேறு எங்கோ போய்விடும். ஹைதரின் படையிலும் கும்பெனியின் படையிலும் எல்லா மதத்தவரும் இருந்தார்கள் என்பதை நான் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

விழுந்த பொம்மையை மேசையிலிருந்து எடுத்து ஒரு தாம்பாளத்தில் படுக்க வைக்க வேண்டும். முதல் நாள் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தது. தாங்களே மண் பிசைந்து, தாங்களே கண் வரைந்த பொம்மைகள் என்பதால், தாம்பாளம் நிறைய நிறையச் சத்தம் குறைந்தது. ஒரு பொம்மைக்கு நூறு பேர் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

கும்பெனி அதிகாரிகள் 86 பேர். அவர்களில் 36 பேர் இறந்தார்கள், 34 பேர் காயத்தோடும் 16 பேர் காயமின்றியும் பிடிபட்டார்கள் என்று கணக்கு இருக்கிறது. அதைப் பலகையில் எழுதியதும், “சிப்பாய்ங்க கணக்கு மிஸ்?” என்று கேட்டார்கள். அப்படி ஒவ்வொருவராக எண்ணிய கணக்கு என்னிடம் இல்லை. புள்ளலூரில் இன்று இரண்டு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. அவையும் அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே இடத்தில் நடந்த போரில் இறந்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற இரண்டு அதிகாரிகளுக்கானவை. படத்தைக் காட்டினேன். தாம்பாளத்தில் கிடந்த 33 பழுப்பு முகங்களுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்று சில பிள்ளைகள் கிளம்பினார்கள். கற்பனைப் பெயர் வேண்டாம் என்று நான் தடுத்தேன். பெயர் தெரியவில்லை என்பதே இங்கே வரலாறு. அட்டைத் துண்டில் ‘சிப்பாய், பெயர் பதியப்படவில்லை’ என்று எழுதி மூடிகளின் அடியில் ஒட்டினார்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மாணவி கேட்டது எங்கள் விதிகளையே மாற்றிவிட்டது. “எங்க ஆயா ஊரு பேரம்பாக்கம். அங்க சண்டை நடந்தப்ப ஊருல யாருமே இல்லையா மிஸ்?” எங்கள் மேசையில் ஊர் என்பது பெயர் எழுதிய அட்டை மட்டும்தான். வெளிநாட்டு ஆட்டங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு நாளில் அவளும் தோழிகளும் பனை ஓலையில் குடிசைகள், பன்னிரண்டு ஊர்க்காரப் பொம்மைகள், இரண்டு மாடு செய்து வந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் நெல்லுக்கு அடையாளமாக இருபது புளியங்கொட்டை. எந்தப் படை அந்த ஊரில் தங்கினாலும் கொட்டைகளை எடுத்துக்கொள்ளும். தீர்ந்தால் ஊர்க்காரப் பொம்மைகள் சென்னைப் பட்டணத்தை நோக்கி நடக்கத் தொடங்கும்.

ஆட்டம் முடிவதற்கு முன்பே எல்லா ஊரும் காலி. ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிய ஊர்களை எரித்ததும், மக்கள் கோட்டையை நோக்கி ஓடியதும், அடுத்த ஆண்டுகளில் பஞ்சம் வந்ததும் நடந்தவை. அவற்றை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு பொம்மைகளும் மேசையின் கிழக்கு ஓரத்தில் வரிசையாக நின்றன.

பெற்றோரின் கேள்வி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய், “ஏற்கெனவே போன்ல சுட்டுக்கிட்டே இருக்கானுங்க. ஸ்கூல்லயும் சண்டைதானா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சமாளிக்கிற பதில் எதுவும் நான் சொல்லவில்லை. தாம்பாளத்தையும் ஊர்க்காரப் பொம்மைகளையும் கொண்டுவந்து காட்டி, அவருடைய மகனையே விளக்கச் சொன்னேன். போன் ஆட்டத்தில் செத்தவன் அடுத்த நொடி எழுந்துவிடுகிறான். இங்கே ஆட்டம் முடிந்ததும் எண்ண வேண்டியிருக்கிறது. அவர் முழுச் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் குடிசையில் ஒன்று சாய்ந்திருப்பதைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஆரம்ப வகுப்புகளில் போர் ஆட்டம் வேண்டாம் என்பதே என் கருத்தும். அவர்களுக்குச் சந்தை, திருவிழா, இரயில் நிலையம் என்று அச்சுப் பொம்மையில் செய்ய நிறைய இருக்கிறது.

மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பகுதியில் சேர்த்தேன். பொம்மை அழகுக்கு மதிப்பெண் இல்லை. எடுத்த ஒரு முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும், பயன்படுத்திய ஒரு சான்றை ஏன் நம்பினோம் என்று சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்த மாணவன் வாயால் சொன்னான். காஞ்சிபுரம் பக்கத்து மண்ணில் மழை பெய்தால் பீரங்கிச் சக்கரம் எவ்வளவு புதையும் என்று அவன் சொன்னதைப் பக்கத்தில் இருந்தவன் எழுதினான். இருவருக்கும் மதிப்பெண்.

பொம்மைகளை இப்போது வேப்பிலை பரப்பிய அட்டைப்பெட்டியில் ஆய்வக அலமாரியில் வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்தப் பிள்ளைகள் அடுத்த போரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதே புள்ளலூரில் ஏழாம் நூற்றாண்டில் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு மகேந்திரவர்மனைப் பற்றிச் சொல்கிறது. பகைவர் இரண்டாம் புலிகேசி என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். படை எண்ணிக்கை இல்லை, சீருடை இல்லை, தேதி இல்லை. எத்தனை பொம்மை செய்வது என்ற முதல் கேள்வியிலேயே ஒரு வாரமாக நிற்கிறார்கள்.